நாலடி தூரமும் எங்கள் பட்டரும்

சிங்கப்பூரில் நாலடி தூரத்தைக் கடக்க ஏழு நிமிடம் எடுத்துக்கொள்ளும் ஒரே மனிதர் எங்கள் பட்டர்தான். இத்தனைக்கும், சாங்கி விமான நிலையத்தில் எங்கள் கார்கோ அலுவலகத்தில் அவரைப் போல வேகமாகச் சரக்கை ஏற்றி இறக்கி அனுப்புகிறவர் யாரும் கிடையாது. அவசரம் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும். புல்தரையில் மட்டும் அது ஆகாது.

பெயரைக் கேட்டுக் கோயில் பட்டர் என்று நினைத்துவிடாதீர்கள். கால்ஃப் ஆட்டத்தில், குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்லில் பந்தை மெல்லத் தட்டி உருட்டுவதற்கு ஒரு தனி மட்டை உண்டு. அதன் பெயர் பட்டர். அதைத் தினமும் அலுவலகத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்ததில், ஆளுக்கும் அதுவே பெயராகிவிட்டது. ஒருமுறை தேக்கா சந்தையில் அவரைப் பார்த்துவிட்டு, "பட்டரே" என்று உரக்கக் கூப்பிட்டேன். பக்கத்தில் நின்ற அம்மாள் அவரையும், அவர் கையில் இருந்த பெரிய மீன் தலையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எந்தக் கோயில்லங்க இருக்கீங்க?"

"கோயில் இல்லம்மா, கால்ஃப். ஞாயித்துக்கிழமை மட்டும்தான்."

அந்த அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டு நகர்ந்தார்.

நாங்கள் இருவரும் ஞாயிற்றுக்கிழமை ஆட்டக்காரர்கள். நான் ஓங்கி அடித்தால் பந்து குளத்தில் விழும். அவர் அடித்தால் அந்தக் குளத்தைத் தாண்டி அடுத்த குளத்தில் விழும். அதற்கெல்லாம் அவர் கவலைப்பட்டதே இல்லை. "ஓங்கி அடிக்கிறது உடம்பு வேல. உருட்டுறதுதான் மூள வேல" என்பார்.

அந்த மூளை வேலையைப் பார்க்க வேண்டுமே. முதலில் குழியைச் சுற்றி நடப்பார். பிறகு குந்துவார். கடைசியில் கன்னம் புல்லில் பதியக் குப்புறப் படுத்து, தரை எந்தப் பக்கம் சாய்கிறது என்று ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். ஒரு நாள் அவர் கிடந்த கிடையைப் பார்த்துப் பயந்துபோய், எங்களுக்குப் பின்னால் ஆடிக்கொண்டு வந்தவர்கள் ஆம்புலன்சைக் கூப்பிடப் போனை எடுத்துவிட்டார்கள். "ஒண்ணும் இல்லலா, ஸ்லோப் பாக்குறாரு" என்று நான் ஓடிப்போய்த் தடுத்தேன்.

இவ்வளவு பார்த்தும் பந்து உள்ளே போகாது. அதற்கு ஒருநாளும் அவர் காரணமாக இருந்ததில்லை. மேலே விமானம் போனது, புல் ஈரமாக இருந்தது, எறும்பு குறுக்கே வந்தது, இல்லாவிட்டால் நான் இருமினேன்.

"நான் இருமவே இல்லையே."

"இரும நெனச்சேல்ல."

சுவா சூ காங்கில் அவர் வீட்டு ஹாலில் காப்பிக் கோப்பையைச் சாய்த்துவைத்து, அதற்குள் பந்தை உருட்டிப் பழகுவார். டிவியில் புரொஃபஷனல் போட்டி ஓடிக்கொண்டிருக்கும். "இவனுங்களுக்கு என்ன கஷ்டம்? ஆளுக்கு ஒரு கேடி கூடவே வர்றான். பையத் தூக்குறான், பந்து போற கோடு பாக்குறான், தோத்தா திட்டும் வாங்கிக்கிறான்."

அவர் மனைவி எட்டிப் பார்த்தார். "கேடியா? பாத்தா நல்ல மனுஷன் மாதிரிதானே இருக்கான். சரி, அந்தக் கோப்பையக் குடுங்க, காப்பி ஊத்தணும்."

அந்தப் புரொஃபஷனல்களை நேரில் பார்க்க ஒருமுறை என்னையும் இழுத்துக்கொண்டு போனார். கயிறு கட்டிய எல்லைக்கு வெளியே நூற்றுக்கணக்கான பேர் மூச்சுக் காட்டாமல் நின்றோம். உலகமே கொண்டாடும் ஓர் ஆட்டக்காரர் மூன்றடிப் பந்தைத் தட்டினார். அது குழியை ஒட்டிப் போய் நின்றது. அந்த நிசப்தத்தில், "நான் அப்பவே சொன்னேன், வலது பக்கம் சாயுதுன்னு" என்று சுத்தத் தமிழில் ஒரு குரல் எழுந்தது. 'அமைதி' என்று எழுதிய பலகையைப் பிடித்திருந்தவர் எங்களை மரியாதையாக வெளியே கொண்டுபோய் விட்டார். பட்டருக்கு அதில் வருத்தமே இல்லை. "மூணடிய அவனும் விடுறான், நானும் விடுறேன். அவன் டிவியில விடுறான், அவ்ளோதான் வித்தியாசம்" என்றார்.

எங்கள் கம்பெனியில் வருடத்துக்கு ஒருமுறை கால்ஃப் போட்டி நடக்கும். இரண்டு பேர் ஒரு ஜோடி. ஒரே பந்தை மாற்றி மாற்றி அடிக்க வேண்டும். எப்போதும் விற்பனைப் பிரிவுதான் ஜெயிக்கும். ஜெயித்துவிட்டு, "கார்கோ ஆளுங்க பெட்டி தள்ளத்தான் சரி" என்று அடுத்த வருடம் வரைக்கும் சொல்லிக்கொண்டிருப்பார்கள். போன வருடம் எப்படியோ கடைசிக் குழி வரைக்கும் அவர்களோடு சமமாக வந்துவிட்டோம். அவர்கள் ஆடி முடித்துவிட்டார்கள். முப்பதடி தூரத்திலிருந்து பட்டர் உருட்டிய பந்து குழிக்கு நாலடி முன்னால் வந்து நின்றது. அடுத்த அடி என்னுடையது. உள்ளே போனால் எங்களுக்கு வெற்றி.

பட்டர் எனக்காகப் படுத்துப் பார்த்தார். எழுந்து வந்து காதருகில் சொன்னார்: "எடது பக்கம் ரெண்டு வெரல். மெதுவாத் தட்டு. அதுவே திரும்பி உள்ள போயிடும்."

 தட்டும்போதே மட்டை வலது பக்கம் திரும்பிவிட்டது எனக்குத் தெரிந்தது. பந்து குழியின் வலது விளிம்பைக்கூடத் தொடாமல் கடந்து போயிற்று. அடுத்த அடியில் அதைப் பட்டர் உள்ளே தட்டிவிட்டார். ஆனால் வெற்றி கைநழுவி, ஆட்டம் சமமாகிவிட்டது. இன்னொரு குழி ஆடச் சொன்னார்கள். அதில் எங்கள் பந்து குளத்தில் விழுந்தது.

"ரவி, கண்ண மூடிக்கிட்டா தட்டுனீங்க?" என்று விற்பனைப் பிரிவு ஆள் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நான் தரையைப் பார்த்தேன்.

"அவன் நான் சொன்ன எடத்துலதான் அடிச்சான்" என்றார் பட்டர். "கோட்ட நான்தான் தப்பாப் பாத்துட்டேன்."

"அவ்ளோ நேரம் படுத்துக் கெடந்தா தப்பாப் பாத்தீங்க?"

"ஆமாலா. கண்ணு மங்கிப்போச்சு, என்ன செய்ய?"

சிரிப்பு முழுவதும் அவர் பக்கம் திரும்பியது. மட்டையைத் துடைத்தபடியே அவரும் கூடச் சிரித்தார்.

கார் நிறுத்துமிடத்தில் பைகளை ஏற்றும்போது நான் சொன்னேன்: "கோடு சரியாத்தான் இருந்துச்சு. என் கைதான்..."

"எனக்குத் தெரியாதா?" என்று டிக்கியைச் சாத்தினார். "வா, பரோட்டா சாப்பிடப் போலாம். பசிக்குது."

அன்று லிட்டில் இந்தியாவில் அவர் வாங்கிக் கொடுத்த ஒரே ஒரு பரோட்டாவை, எவ்வளவு மெதுவாகச் சாப்பிட முடியுமோ அவ்வளவு மெதுவாகச் சாப்பிட்டேன்.