டேங்குக்கு ஸ்டீயரிங் கிடையாது, சம்பந்தி

பட்டாபிராம்,
திங்கட்கிழமை, மத்தியானம்.

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி, சுபேதார் சம்பந்தம் அவர்களின் சமூகத்திற்கு, ஜெயராமன் கைகூப்பி எழுதிக்கொள்வது. தாங்களும் சம்பந்தி அம்மாளும் குடியாத்தத்தில் குறைவின்றி இருக்க வேண்டுகிறேன். இவ்விடம் என் மனைவி ராஜகுமாரியும் மகள் பவ்யாவும் நலம். நான் நலமா என்பதை இக்கடிதத்தைப் படித்து முடித்ததும் தாங்களே தீர்மானித்துக் கொள்ளலாம்.

ஃபோன் இருக்கும் காலத்தில் கடிதம் எதற்கு என்று தோன்றும். ஃபோனில் சொன்னால் தாங்கள் நடுவில் ‘ம்’ போடுவீர்கள். அந்த ‘ம்’மைத் தாங்கும் நெஞ்சு எனக்கு இல்லை. தங்கள் மகன் அசோக் மாப்பிள்ளையிடம் நேற்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன். “நீங்களே அப்பாகிட்ட சொல்லிடுங்க மாமா. புதன்கிழமை வரைக்கும் நான் வாயத் திறக்க மாட்டேன்” என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். ஆகவே இதை ஸ்பீடு போஸ்டில் அனுப்புகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நான் டேங்க் ஓட்டியதில்லை.

பெண் பார்க்க வந்த அன்று, ‘ராணுவ ஃபேக்டரியில என்னவா இருந்தீங்க?’ என்று தாங்கள் கேட்டீர்கள். ‘டேங்க் செக்‌ஷன்’ என்றேன். அதுவரை பொய் இல்லை. ‘மணல்ல ஓட்டிப் பார்ப்பாங்களே, அதுலயா?’ என்றீர்கள். இருபத்தெட்டு வருஷம் எல்லையில் நின்றவர், மார்பை நிமிர்த்திக்கொண்டு என் வீட்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கேட்கிறீர்கள். என் தலை தானாக மேலும் கீழும் ஆடிவிட்டது. தலை ஆடிய பிறகு வாய் சும்மா இருக்குமா? ராஜஸ்தான் பாலைவனம், மணல் புயல், எதிரே ஒட்டகம் என்று அதுபாட்டுக்குப் போய்விட்டது. உண்மையில் நான் ஸ்டோர்ஸ் குமாஸ்தா. முப்பத்தொரு வருஷம் ஜன்னலுக்கு உள்பக்கம் உட்கார்ந்து நட்டு, போல்ட்டு, பின், வாஷர் எடுத்துக் கொடுத்தவன். வடக்கே நான் போன அதிகபட்ச தூரம் திருப்பதி. வண்டி என்று எனக்கு ஓட்டத் தெரிந்தது மொபெட் ஒன்றுதான், அதையும் ஸ்பீடு பிரேக்கர் வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போவேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை காலை கல்யாணப் பத்திரிகை மாதிரியைக் காட்ட மாப்பிள்ளை வந்திருந்தார். இட்லி சாப்பிட்டுக்கொண்டே, “மாமா, நெமிலிச்சேரி பக்கம் பழைய ராணுவ வண்டியெல்லாம் ரிப்பேர் பண்ணி மியூசியம் மாதிரி வெச்சிருக்காங்களாம். டேங்க்கூட ஒண்ணு இருக்காம். உங்களோட போய்ப் பாத்தா எவ்வளவு நல்லா இருக்கும்!” என்றார். கையிலிருந்த இட்லியைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். முழங்கால் வலி என்றேன். கார் புக் பண்ணிவிட்டார். வெயில் என்றேன். குடை எடுத்து வந்தார். கடைசியாக ராகு காலம் என்றேன். “ஞாயித்துக்கிழமை ராகு காலம் நாலரைக்குத்தானே மாமா, இப்ப மணி பத்து” என்றார். படித்த பிள்ளை. பவ்யா என் முகத்தைப் பார்த்தாள், போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

அது ஒரு பழைய ரைஸ் மில் ஷெட். யூசுப் என்று பூந்தமல்லிக்காரர், மெக்கானிக். ராணுவம் கழித்துவிட்ட வண்டிகளை ஏலத்தில் வாங்கி, உயிர் கொடுத்து நிறுத்தியிருக்கிறார். இரண்டு ஜீப், ஒரு பெரிய லாரி, சிவப்பு சிலுவை போட்ட ஆம்புலன்ஸ், எல்லாம் நேற்றுத்தான் வாங்கியது போலப் பச்சைப் பெயிண்டில் மின்னுகின்றன. வாசலில் அவர் மனைவி ஷாகிதா டிக்கெட் கிழித்துக் கொடுக்கிறார். முற்றத்தில், வெட்டவெளியில், அந்த டேங்க். ஷெட்டுக்குள் நுழையாததால் வெளியே நிற்கிறதாம். எங்களுக்கு முன்பே திருவேற்காட்டிலிருந்து ஓர் அபார்ட்மெண்ட் சங்கம் வேன் பிடித்து வந்திருந்தது. இருபது பேர் இருப்பார்கள். இருபது ஃபோனும் இருந்தது.

நான் ஜீப்பைப் பார்ப்பது போல ஒதுங்கினேன். அதற்குள் மாப்பிள்ளை யூசுப்பிடம், “எங்க மாமா டேங்க் ஓட்டினவருங்க. ராஜஸ்தான்ல டெஸ்ட் பண்ணவரு” என்று சொல்லிவிட்டார். அவர் சொன்ன அந்தக் குரலில் இருந்த பெருமை இருக்கிறதே, சம்பந்தி, அதை இப்போது எழுதும்போதும் தலையைக் குனிந்துகொள்கிறேன். யூசுப் கிரீஸ் கையோடு ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். “அண்ணாத்தே! நாலு வருசமா உங்கள மாரி ஒரு ஆளத்தான் தேடிகினு கீறேன். டிரைவர் சீட்டாண்ட ஒரு லீவரு கீது. இன்னாத்துக்குன்னே தெர்ல. உள்ள குந்தி ஒரு நிமிசம் பாத்து சொல்லுங்க” என்றார். அபார்ட்மெண்ட் சங்கம் கை தட்டியது.

அந்த நிமிஷத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏறினேன். யூசுப் ஒரு கை, மாப்பிள்ளை ஒரு கை. டிரைவருக்கான ஓட்டை நம் வீட்டு இட்லிக் குண்டான் மூடி அளவுதான் இருக்கும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? காலை விட்டேன், இடுப்பு போனது, வயிறு கொஞ்சம் யோசித்தது, பிறகு சொய்ங் என்று அதுவும் இறங்கிவிட்டது. தோளும் தலையும் மட்டும் வெளியே. எல்லோரும் ஃபோனைத் தூக்கிக்கொண்டு என்னையே பார்க்கிறார்கள். ஏதாவது சொல்ல வேண்டுமே! உள்ளே கையால் துழாவிப் பார்த்துவிட்டு, நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி அதிகாரமாகக் கேட்டேன்: “ஏம்ப்பா யூசுப், ஸ்டீயரிங்கக் கழட்டி எங்க வெச்சிருக்கீங்க?”

யூசுப் என்னைப் பார்த்தார். மாப்பிள்ளையைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். “அண்ணாத்தே,” என்றார், ரொம்ப மெதுவாக, “இந்த டேங்குக்கு ஸ்டீயரிங்கே கெடயாது. ரெண்டு பக்கமும் குச்சிதான்.”

பவ்யா திரும்பி நின்று ஆம்புலன்ஸ் டயரை உற்றுப் பார்க்க ஆரம்பித்தாள். நான் அவமானத்தில் எழுந்து போய்விடலாம் என்று எம்பினேன். எழுந்திருக்க முடியவில்லை. இறங்கும்போது இடம் கொடுத்த வயிறு ஏறும்போது கொடுக்க மாட்டேன் என்கிறது. ஷாகிதா ஓடிவந்து, “பெரியவரே, வயித்த உள்ள இழுங்க” என்றார். “இழுத்துதாம்மா வெச்சிருக்கேன்” என்றேன். தேங்காய் எண்ணெய் வந்தது. சங்கத்தின் செயலாளர் ஒருவர் என் அக்குளில் கைவிட்டு இழுத்தார். என் சட்டை வந்தது, நான் வரவில்லை.

இரும்பு வெயிலில் காய ஆரம்பித்தது. அப்போதுதான் மாப்பிள்ளை டேங்க் மேல் ஏறி, என் தலைக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, குடையை விரித்து எனக்குப் பிடித்தார்.

“அப்ப ராஜஸ்தான், மாமா?”

“போனதில்ல மாப்ள.”

“மணல் புயல்?”

“டிவியில பாத்தது.”

“அந்த ஒட்டகம்?”

“அதுவும் டிவிதான்.”

“சரி மாமா” என்றார். குடையை மட்டும் கீழே வைக்கவில்லை. திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன் சம்பந்தி. அந்தக் குடைதான் என்னை அழ வைத்துவிட்டது. அறுபத்துமூணு வயசு ஆள், பனியனோட, டேங்குல இருந்து தலைய மட்டும் நீட்டிக்கிட்டு அழுதா எப்படி இருக்கும்? இருபது ஃபோன்ல இருக்கு, வேணும்னா பாத்துக்கலாம்.

யூசுப் மேலே இருக்கிற பெரிய மூடியைத் திறந்து பின்பக்கமாக உள்ளே இறங்கினார். சீட்டைக் கீழே இறக்கினால் என்னைப் பின்னால் இழுத்து அந்தப் பெரிய வழியாக எடுத்துவிடலாமாம். ஆனால் சீட்டு அசையவே இல்லை. நாலு வருஷமாக அப்படித்தான் நிற்கிறதாம். எனக்கு வேற வேல இல்லையே, கைய கீழ விட்டு அந்த மர்ம லீவரத் தடவிப் பாத்தேன். அதோட அடியில ஒரு பின்னு. கட்ட வெரல்ல பட்டதுமே தெரிஞ்சிடுச்சு. “யூசுப், இங்க யாரு இந்தப் பின்னப் போட்டது?” என்றேன். “நாந்தான் அண்ணாத்தே. கரெக்டா பூந்துச்சி, சுத்தியால ஒரு தட்டு தட்னேன்.” “இது டூல் பாக்ஸ் மூடிக்குப் போடறதுப்பா. சீட்டு பின்னு தலையில ஒரு வளையம் இருக்கும். மெழுகுக் காகிதத்துல சுத்தி, பெட்டிக்குப் பன்னெண்டு வரும். இதத் தட்டி எடு, சீட்டு எறங்கும்” என்றேன்.

தட்டினார். சீட்டு இறங்கியது. இறங்கியது என்றால் மெதுவாக இல்லை. தடால் என்று என் தலை உள்ளே மறைந்ததும் அபார்ட்மெண்ட் சங்கம் ஓவென்று அலறியதாம். நான் இருட்டில் யூசுப் மடியில் கிடந்தேன். “அண்ணாத்தே, அந்த லீவரு சீட்டுக்குத்தானா!” என்று அந்த மனிதர் என்னைக் கட்டிக்கொள்கிறார். என் தொடை பிசகிக்கொண்டதை நான் எப்படிச் சொல்வது? பின்னாலிருந்து அவர் தள்ள, மேலிருந்து மாப்பிள்ளை இழுக்க, முக்கால் மணி நேரம் கழித்து வெளியுலகத்தைப் பார்த்தேன்.

அதோடு வந்திருக்கலாம். ஷாகிதா சோடா கொடுத்தார். யூசுப் என்ன ஏது என்று தெரியாத சாமான் பதினோரு மூட்டை வைத்திருக்கிறாராம், ஒன்றை என் காலடியில் கொட்டினார். நான் ஒவ்வொன்றாக எடுத்து, இது லாம்ப் கிளிப், இது கதவுக் கீலுக்குள் போடும் புஷ் என்று சொல்லச் சொல்ல அவர் சாக்பீஸால் எழுதிக்கொண்டே வந்தார். மணி இரண்டாகிவிட்டது. பவ்யா பசிக்கிறது என்று மூன்று தடவை சொன்னாளாம், எனக்குக் கேட்கவில்லை. மீதிப் பத்து மூட்டைக்கு வரச் சொல்லியிருக்கிறார். நான் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டேன்.

சம்பந்தி, நடந்தது இதுதான். ஒரு ராணுவ வீரர் முன்னால் குமாஸ்தாவாக உட்காரக் கூச்சப்பட்டு உளறிவிட்டேன். பொய் என்னுடையது, பவ்யாவுக்கு இதில் பங்கில்லை. என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், ஆவணி முகூர்த்தத்தை மட்டும் மாற்றிவிடாதீர்கள். நிச்சயதார்த்தத்தில் நான் பாலைவனத்தைப் பற்றிச் சொன்னதைத் தங்கள் பங்காளிகள் மறக்கும்படி தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். குலதெய்வம் இரண்டு வீட்டுக்கும் துணை நிற்கட்டும், பிள்ளைகள் நம்மைவிட உண்மையாக வாழட்டும்.

தங்கள் மன்னிப்பை எதிர்நோக்கும்,
ஜெயராமன்
(ஸ்டோர்ஸ் குமாஸ்தா, ஓய்வு)

பின்குறிப்பு: கவர் ஒட்டும் நேரத்தில் ராஜகுமாரி இதை வாங்கிப் படித்துவிட்டு, “இத எதுக்கு அனுப்பறீங்க? பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே சம்பந்தியம்மாகிட்ட அடுப்படியில சொல்லிட்டேனே, அவர் ஸ்டோர்ஸ்ல இருந்தவர், ஆர்வத்துல பேசறார்னு. அவங்க அன்னிக்கே சம்பந்தி அண்ணன்கிட்ட சொல்லிட்டாங்களாம்” என்கிறாள். அடுப்படியில் சொன்னது பவ்யாவுக்கும் தெரியுமாம், மாப்பிள்ளையிடம் சொல்லத்தான் அவளுக்கு மனசு வரவில்லையாம். ஆக, உலகத்தில் நான் டேங்க் ஓட்டியதாக நம்பிய ஒரே ஆள் தங்கள் மகன்தான், அவரையும் நேற்று இழந்துவிட்டேன். எல்லாம் தெரிந்துகொண்டேதானா, நிச்சயதார்த்தப் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, ‘மழையில டேங்க் வழுக்குமா சம்பந்தி?’ என்று கேட்டுவிட்டு, பாயசம் ஆறும்வரை நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள்? கடிதத்தைக் கிழித்துவிடலாம். ஆனால் நாலு மணி நேரம் எழுதியது, அனுப்புகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை மீதி மூட்டையைப் பார்க்க யூசுப்பிடம் போகிறேன். கல்யாணப் பந்தியில் வேறு ஏதாவது கேளுங்கள் சம்பந்தி, இந்தத் தடவை தயாராக வருகிறேன்.