கூம்பு ஸ்பீக்கரில் பியானோ

ருவான்வெல்லை,
ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்த பின்.

கேகாலையில் பியானோ வகுப்பு நடத்துபவரும், ஆண்டவருக்குச் சித்தமானால் எனக்குச் சம்பந்தியாகப் போகிறவருமான மதிப்பிற்குரிய ஜோன் ஐயா அவர்களுக்கு,

தோட்ட ஆபீஸில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்ற ரெஜினோல்ட் எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் நானும் மெட்டில்டாவும் சுகமாக இருக்கிறோம். மழையால் ரப்பர் பால்வெட்டு மட்டும் சுகமில்லை. உங்கள் வீட்டிலும் யாவரும் நலமாயிருக்க ஜெபிக்கிறோம். நீங்கள் குடும்பத்தோடு எங்கள் மகள் டிலானியைப் பெண் பார்க்க வந்து, ஒரு வார்த்தையும் சொல்லாமல் வேனில் ஏறிப் போனதிலிருந்து பதில் இல்லை. போன் எடுத்தால் மணி அடிக்கிறது, நீங்கள் எடுப்பதில்லை. மகளுக்கு இந்த இடம் பிடித்திருக்கிறது என்று மெட்டில்டா சொல்கிறாள். என் பாட்டுப் பைத்தியத்தால் பிள்ளையின் கல்யாணம் நின்றது என்ற பேரோடு என்னால் இருக்க முடியாது. அதனால் அன்று நடந்ததை விளக்கி, முறையாக மன்னிப்புக் கேட்கவே இக்கடிதம்.

முதலில் நான் யார் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். இந்தப் பக்கத்தில் என்னைப் போலப் பாட்டுக் கேட்கிற ஆள் கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை, பெருமையாக இருப்பதால் சொல்கிறேன். நீர்கொழும்புப் பக்கத்து 'கடல் நண்டுகள்' கோஷ்டியின் பைலா கேட்டால் எனக்கு முழங்கால் வலி நிற்கும். மாத்தளையில் நாகஸ்வரச் சகோதரர்கள் இருவர் இருக்கிறார்கள், வேதக்காரனாகிய நான் அவர்களைக் கேட்பதற்காகவே கோயில் திருவிழாவுக்குப் போய், பாஸ்டரிடம் பேச்சும் வாங்கியிருக்கிறேன். மாவனல்லையில் ஒரு பெரியவர் நபியைப் புகழ்ந்து கஸீதா பாடுவார், அர்த்தம் பாதி புரியாவிட்டாலும் கண் கலங்கிவிடும். கிரிக்கெட் மேட்சில் ஊதுகிற பப்பரே பேண்டுக்கு ஈடு வேறெந்த நாட்டிலும் இல்லை. ஹட்டனில் 'எம்.சி. கொந்தரப்பு' என்று ஒரு பையன், தோட்டத்தில் கொந்தரப்பாக, ஒப்பந்தக் கூலிக்குச் செய்கிற வேலையைப் பற்றி ராப் பாடுகிறான், மூச்சு எங்கே விடுகிறான் என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. அவிசாவளையில் 'ஒட்டுப்பால்' என்று ஒரு மெட்டல் கோஷ்டி இருக்கிறது. ரப்பர் சிரட்டையில் காய்ந்து நாறுமே, அந்த ஒட்டுப்பால்தான். பெயருக்கேற்ற பாட்டு. அதையும் நான் வெறுப்பதில்லை, மெட்டில்டா வெளியே போயிருக்கும்போது மட்டும் போடுவேன். இப்படி எல்லாவற்றையும் கேட்கிற காது ஆண்டவர் எனக்குக் கொடுத்த ஈவு என்றே நம்புகிறேன்.

இனி அன்றைய கதை. வருவது பியானோ வாத்தியார் குடும்பம் என்றதும், பைலா போட்டு உங்களை அவமதிக்கக் கூடாது என்று முடிவெடுத்தேன். உங்கள் மாணவர்கள் எல்லோரும் முதலில் படிக்கும் அந்த ஜெர்மன் மேதையின் மெட்டைத் தேடி எடுத்து வைத்தேன். மற்ற நாடுகளில் அதைக் கோட்டுப் போட்டு உட்கார்ந்து கேட்பார்கள். நம் நாட்டில் பாண் ரொட்டியும் பனிஸும் விற்கும் ஓட்டோக்கள் அதையே போட்டுக்கொண்டு வருவதால், சனம் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து ஓடும். இது எனக்குத் தெரியாதா? அதனால்தான் கதவைச் சாத்தி, ஹோலில் இருக்கும் சின்ன ஸ்பீக்கர்ப் பெட்டியில் மெதுவாகப் போட்டேன். ஆலயத் திருவிழாவுக்காகக் கூரையில், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தைப் பார்த்துக் கட்டியிருந்த கூம்பு ஸ்பீக்கர்களின் வயரைக் கழற்றிவிட்டதாகத்தான் நினைத்தேன். வயதாகிவிட்டது, மறந்திருக்கிறேன். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்க ஆரம்பித்தீர்கள், அதே நேரம் கூரைக் கூம்புகளும் சேர்ந்து அலற, மலையெல்லாம் பாண் வண்டி வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டது.

பிறகு நடந்தது நீங்கள் பார்த்ததுதான். லயத்துச் சனம் முழுக்க எங்கள் கேட்டுக்கு வந்து, அங்கே நின்ற உங்கள் வெள்ளை வேனைச் சுற்றிக்கொண்டது. பால்வெட்டும் இலட்சுமி வேன் ஜன்னலில் தலையை விட்டு, கூட்டத்துக்குப் பயந்து அதில் ஏறிக்கொண்ட உங்கள் மனைவியிடம், "அக்கா, கிம்புலா பனிஸ் சூடா இருக்குங்களா?" என்று கேட்டது பெரிய தவறுதான். அவள் பொல்லாதவள் அல்ல, பசியில் கேட்டாள். அந்த நேரம் பார்த்து நிஜமான பாண்காரர் அப்லால் ஓட்டோவில் வந்து இறங்கி, கேட்டுக்கு வந்த உங்களைப் பார்த்துக் கை நீட்டி, "இந்த ரோட்டுல நாங்கதானே வாறது, நீங்க எங்கேந்து வந்தீக்கிற?" என்று சண்டைக்கு நின்றார். நீங்கள் "நான் பியானோ டீச்சர்" என்றீர்கள். அவர், "பாட்டு போட்டா டீச்சரா?" என்றார். அதற்கு மேல் எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது.

ஐயா, இதோடு என் பாட்டுப் பைத்தியத்தை முடித்துக்கொண்டேன். கூம்புகளை இறக்கிவிட்டேன். பெட்டிகளையெல்லாம் துணி போட்டு மூடிவிட்டேன். கல்யாணத்தில் உங்கள் ஆலயப் பாடகர் குழுவைத் தவிர ஒரு சத்தமும் இருக்காது. 'கடல் நண்டுகள்' கூட வரமாட்டார்கள். என் மகளுக்காக இதைச் செய்கிறேன், வேறு யாருக்காகவும் செய்யமாட்டேன். அவளை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.

உங்கள் வீட்டின்மேல் ஆண்டவருடைய சமாதானம் தங்கியிருப்பதாக. அம்மாவுக்கும் மகனுக்கும் எங்கள் அன்பு.

தாழ்மையுடன்,
ரெஜினோல்ட்

பின்குறிப்பு: எழுத்துப்பிழை பார்க்க இதை டிலானியிடம் கொடுத்தேன். படித்துவிட்டுச் சிரித்தாள். "அப்பா, வயரை நீங்க ஒழுங்காத்தான் கழட்டினீங்க. டீ கொண்டு வாறதுக்கு முன்னால நான்தான் திரும்ப மாட்டிவிட்டேன்" என்றாள். ஏன் என்று கேட்டேன். "நம்ம வீட்டுச் சத்தத்த தாங்க மாட்டாத ஆளக் கட்டிக்கிட்டா, நான் எப்படிங்கப்பா உங்கள வந்து பாத்துட்டுப் போறது?" என்றாள். உங்கள் மகன் அன்று கேட்டில் நின்று, "பாண் இல்லீங்க, இன்னைக்கு கேக்தான்" என்று சொல்லி, நீங்கள் கொண்டு வந்த கேக்கையெல்லாம் லயத்துப் பிள்ளைகளுக்குப் பங்கு போட்டாராம். அதைக் குசினி ஜன்னலில் பார்த்த உடனே சம்மதம் என்று முடிவெடுத்துவிட்டாளாம். ஆகவே நான் மன்னிப்புக் கேட்ட இடங்களைத் தயவுசெய்து வாசிக்காமல் விட்டுவிடுங்கள், பெருமையடித்த இடங்களை மட்டும் இரண்டு தரம் வாசியுங்கள். நீங்கள் போனை எடுக்காவிட்டாலும் பரவாயில்லை. பிள்ளைகள் இருவரும் தினமும் பேசி, கல்யாணத்துக்கு நாளும் பார்த்துவிட்டார்கள். நம் இரண்டு பேருக்கும்தான் இதுவரை சொல்லாமல் இருந்திருக்கிறார்கள்.