ஐந்தாவது மெடல்

எல்லோரும் சௌக்கியம்தானே? முழங்கால் வலிக்காரர்கள் காலை நீட்டிக்கொண்டே படிக்கலாம், சின்னக் கதைதான்.

கல்கத்தா பாலிகஞ்ச் வீட்டில் கோமதி தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். பளபளக்கட்டுமே என்று துடைத்ததில், மாமனாரின் மெடல்களைக் கோத்திருந்த கம்பி முறிந்து, ஐந்தும் தரையில் உருண்டுவிட்டன. எது முதல், எது கடைசி? வரிசை மாறினால் பட்டாளத்துக்காரருக்கு அவமானமாயிற்றே!

மாமனார் திருவேங்கடம் விமானப்படையின் ஆரம்பகாலத்து ஆபீசர். எரிகிற விமானத்தை, உள்ளே இருந்த மூன்று பேரும் பிழைக்கத் தரையிறக்கிய மனிதர். அன்று சாயங்காலம் கிளப்பில் சுதந்திரப் பொன்விழா; மாலை மரியாதை அவருக்குத்தான். உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். மாமியார் நாகலட்சுமி காளிகாட் கோயிலுக்குப் போயிருந்தார்.

கோமதி மாடிவீட்டு வங்காளி தத்தாவிடம் ஓடினாள். அவர் ராணுவத்தில் சுபேதாராக இருந்தவர்; இவளை ‘பௌமா’, அதாவது மருமகளே, என்றுதான் கூப்பிடுவார்.

“இது வீரத்துக்கு, முதல்ல வை. அடுத்தது இது, இது, இது... பௌமா, இதென்ன?”

ஐந்தாவது தேய்ந்துபோயிருந்தது. இரண்டு வட்டம் மட்டும் தெரிந்தது.

“ரெண்டு எஞ்சின் விமானம்! நான் பார்த்ததே இல்ல. ரொம்ப அபூர்வம்!”

“இதை எங்க வைக்கட்டும், தத்தாபாபு?”

“தெரியாதது கடைசியில.”

புதுக் கம்பிக்கு எங்கே போவது? ஒவ்வொன்றையும் ஊக்கில் மாட்டி மாமனாரின் கோட்டில் குத்தினாள். அதற்குள் தத்தா கிளப்புக்குப் போன் போட்டுவிட்டார். செக்ரெட்டரி பத்திரிகைக்காரரோடு வந்து நின்றார்.

“பௌதி!” என்று அண்ணி முறை வைத்துக் கூப்பிட்டார். “அந்த அபூர்வ மெடலை ஒரு போட்டோ!”

“ஐயோ, மெதுவாப் பேசுங்க! இது மாமாவுக்குத் தெரியக் கூடாது.”

“ரகசிய மெடலாம், எழுதிக்குங்க!”

சாயங்காலம் மைக்கில் அது பர்மா வானத்தில் இரண்டு எதிரி விமானங்களை வீழ்த்தியதற்கு என்று ஆகிவிட்டது.

மேடையில் திருவேங்கடம் குனிந்து தன் மார்பைப் பார்த்தார். முகம் மாறியது. எண்பது வயது விரல்கள் கடைசி மெடலைக் கழற்றி, வீர மெடலுக்கும் முன்னால், முதல் இடத்தில் குத்தின. பிறகுதான் நிமிர்ந்து, முன்வரிசையைப் பார்த்து விறைப்பாக ஒரு சல்யூட். கைதட்டல் ஓயவே இல்லை.

“அத்தை, வரிசையைக் கெடுத்தது நான்தான்.” முன்வரிசையில் பக்கத்தில் இருந்த மாமியாரிடம் கோமதி அழமாட்டாக்குறையாகச் சொன்னாள். “அந்த ரெண்டு எஞ்சின் மெடல்தான் முதல்லயா இருந்துது?”

“எஞ்சினாவது ஒண்ணாவது! அது சைக்கிள்டீ. நாப்பத்தொம்பதுல, அம்பாலா கேம்ப்ல, ஆபீசர் பொண்டாட்டிங்க ரேஸ்ல நான் ஜெயிச்ச மெடல்.”