சூசைநாதனின் மீசை வரை

சிங்கப்பூரின் பொத்தோங் பாசிரில் வெள்ளம் வடிந்த மூன்றாம் நாள் சூசைநாதன் ஒரு சபதம் எடுத்தார். வானமே இடிந்து விழுந்தாலும் மாமியார் வீட்டுக்குப் போவதில்லை.

வெள்ளத்துக்கும் மாமியாருக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது. அந்த 1954-ல், கம்பம் என்று சொல்கிற அந்தக் கிராமத்துக்குப் புது விதி ஒன்று வந்திருந்தது. சுவரில் பாதிக்குக் கீழே தண்ணீர் நின்ற வீட்டை அப்படியே பழுதுபார்த்துக்கொள்ளலாம். பாதியைத் தாண்டியிருந்தால் தரையை மூன்றடி உயர்த்தித்தான் கட்ட வேண்டும். அதற்கு நான்கு மாதம் ஆகும். அதுவரை சிராங்கூன் ரோட்டில் மாமியார் பிரிஜட் அம்மாளோடுதான் ஜாகை. தங்கமான மனுஷி. ஆனால் தினமும் மாலையில் முழு ஜெபமாலை, சிமெண்டுத் தரையில், முட்டி போட்டு. சூசைநாதனோ ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கே தூண் பார்த்து இடம் பிடிக்கிறவர்.

மனைவி மதலேனாவுக்குத் தரை உயர்ந்தே ஆக வேண்டும். மழைக்கு மழை அடுப்பை மேசைமேல் ஏற்றி இறக்கி அவளுக்கு இடுப்பே விட்டுப்போயிருந்தது. அதை ஒரே ஒரு தடவை சொன்னாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. அப்போதே அவர் பயந்திருக்க வேண்டும்.

சுவரில் சேற்றுக் கோடு பாதிக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. சூசைநாதன் சுவரில் மாட்டியிருந்ததையெல்லாம் கழற்றி உள்ளே வைத்துவிட்டு, முழங்காலுக்கு மேலே மட்டும் சுண்ணாம்பு அடித்தார். கீழே சேறு சேறாகவே இருந்தது. மதலேனாதான் சுண்ணாம்பு கரைத்துக் கொடுத்தாள், ஏணியையும் பிடித்துக்கொண்டாள். பெண்டாட்டி என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று அவருக்கு நெஞ்சு நெகிழ்ந்தது.

மறுநாள் இன்ஸ்பெக்டர் அஹமது கபீர் அளவு நாடாவோடு வந்தார்.

"பக்கத்து வீட்டுல நெஞ்சு வரைக்கும் ஏறியிருக்கே. உங்களுக்கு மட்டும் எப்படி முழங்கால்?"

"எங்க வீடு கொஞ்சம் மேடு லா."

கபீர் தரையைப் பார்த்தார். சூசைநாதனைப் பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து மதலேனா கோப்பியோடு வந்தாள். கையில் கல்யாணப் படம்.

"ஏங்க, வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்காரு, சுவர் மொட்டையா இருக்கு. இதை மாட்டிடுங்க. கையெழுத்தாகறது நம்ம கல்யாணப் படத்துக்கு முன்னால ஆகட்டும்."

சூசைநாதன் பூரித்துப்போனார். தம் கையாலேயே படத்தைப் பழைய ஆணியில் மாட்டி, கோணல் இல்லாமல் நிமிர்த்தியும் வைத்தார்.

படத்தில் மாப்பிள்ளை நாற்காலியில் அமர்ந்திருந்தார். பெண் பக்கத்தில் நின்றிருந்தாள். கண்ணாடிக்கு உள்ளே புகுந்த சேறு பெண்ணின் இடுப்பையும் மாப்பிள்ளையின் மீசையையும் ஒரே நேர்கோட்டில் தொட்டு நின்றது.

கபீர் நாடாவைத் தரையிலிருந்து மீசை வரை பிடித்தார்.

"பாதிக்கு மேல ஒரு சாண்," என்று எழுதிக்கொண்டார். "தரையை உயர்த்தணும், சார்."

"இதைத் துடைச்சிருக்கக் கூடாதா?" சூசைநாதன் மனைவியின் பக்கம் திரும்பினார்.

"நீங்கதான் இது மேல யாரும் கை வைக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கீங்க," என்றாள் மதலேனா. "வாங்க, பெட்டியெல்லாம் கட்டியாச்சு. அம்மா உங்களுக்குன்னு தனியா ஒரு ஜெபமாலை வாங்கி வெச்சிருக்காங்க, போன வாரமே."