சாட்சி சொன்ன கைக்கடிகாரம்

“நீங்கள் விழுந்துவிட்டீர்களா?” என்று கைக்கடிகாரம் கேட்டபோது, உலகநாதன் இடுப்பளவு ஏரித் தண்ணீரில் நட்ட கம்பம்போல் நின்றுகொண்டிருந்தான்.

கடிகாரத்தின்மேல் குற்றமில்லை. மலையேறுவோருக்கும் மாரத்தான் ஓடுவோருக்கும் செய்த ஜி.பி.எஸ். கடிகாரம் அது. வலை இழுக்கும் கை வெடுக்கென்று இறங்கினால், ஆளே விழுந்தான் என்று நம்பிற்று. உடனே ‘இல்லை’ என்று தட்ட வேண்டும். தவறினால், தோணியில் கிடக்கும் ஃபோன் வழியாக அவன் மனைவி சுபஸ்ரீக்கு அபாயச் செய்தி பறக்கும்.

அவன் வேலை பார்க்கும் சென்னைக் கடிகாரக் கடையின் மேனேஜர் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். “உப்புத் தண்ணி, சேறு, ஆபத்து, மூணுலயும் தாங்குதான்னு பாத்து எழுது. உருப்படியா எழுதினா வேலை நிரந்தரம். இல்லேன்னா அடுத்த மாசம் அனுப்பம்பட்டு ஸ்டேஷன்ல சீசன் டிக்கெட் எடுக்க வேணாம்!”

வேலையைக் காக்க வலையை விட்டான், பொத்தானைத் தட்டினான். வலையின் வாய் தாழ்ந்தது. மடவை மீன்கள் துள்ளி விடுதலை பெற்றன.

“இன்னாடா, கல்யாணப் பொண்ணாட்டம் கையையே பாத்துனு கீறே? வலையப் புடிடா!” என்று கத்தினார் அக்காள் கணவர் விஜயராகவன். கத்தாமல் என்ன செய்வார்? வலை வளைக்கும் அந்த இடத்தை, ஊர்ப் பேச்சில் ‘பாடு’, இன்று அவருக்கென்று ஊர் சீட்டுக் குலுக்கிக் கொடுத்திருந்தது. பிறர் தோணி அங்கே தலைகாட்டினாலே தெண்டம்.

“கோச்சுக்காத மாமா, கழட்டிடறேன்.”

கழற்றினான், தோணி தள்ளும் கழியில் கட்டினான். மாமன் கழியை ஊன்ற ஊன்ற, கடிகாரம் அலறிற்று.

“இன்னாடா இது, பேய் புடிச்ச கழி?”

அதன் வாயை அடைக்க, இருந்ததிலேயே பெரிய பொத்தானை அழுத்திப் பிடித்தான் உலகநாதன். உதவி கோரும் பொத்தான் அதுவேதான்! ‘உதவி அழைப்பு அனுப்பப்பட்டது’ என்று கடிகாரத்தின் முகம் சிவந்தது. அழைப்பை நிறுத்த ஃபோனை நோக்கித் தாவினான். சேற்றில் பதுங்கியிருந்த கெளுத்தியின் முள் பாதத்தில் பாய்ந்தது.

“ஐயோ! எம்மா!”

முள்ளைப் பிடுங்கிவிட்டு நிமிர்ந்தால், தோணிரேவு ஊர்த் தோணிகள் வரிசையாய்ப் பாய்ந்து வந்துகொண்டிருந்தன. வலைமேல் ஏறின, பாட்டைக் கலக்கின. மிச்சமிருந்த மீனும் ஏரியின் அக்கரையான ஆந்திரம் போய்ச் சேர்ந்தது.

மாலையில் பஞ்சாயத்து கூடிற்று.

“எம் பாட்டுல எப்பிடிடா நொழைஞ்சீங்க?” என்று குதித்தார் விஜயராகவன்.

“சுபஸ்ரீ மார்ல அடிச்சுனு ஓடியாந்துச்சு. ‘எம் புருசன் போறாரு’ன்னுச்சு. உசுரா, பாடா?” என்றான் வந்தவர்களில் ஒருவனான தீனா.

“பொண்டாட்டிய ஏண்டா கூப்ட்டே?” என்று மைத்துனன் பக்கம் திரும்பினார் மாமன்.

“நான் கூப்புடலை மாமா, கடிகாரம்!”

கடிகாரத்தைத் தாம்பாளத்தில் வைத்து நடுச்சபையில் நிறுத்தினார்கள். அதன் முகத்து எழுத்தை ஊர்த் தலைவரான நாட்டார் உரக்கப் படித்தார். பெண்கள் புறத்தே நின்றார்கள். அந்தச் சபையில் கருவி பேசலாம், கழுத்தில் தாலி கட்டிக்கொண்டவள் பேசக் கூடாது. இரும்புக்கு இருந்த மரியாதை அது!

“கூப்ட்டது கடிகாரம். வந்தவன்மேல தப்பு இல்ல. ராகவனுக்கு வேற ஒரு நாள் பாடு” என்று தீர்ப்பாயிற்று.

உலகநாதன் நெஞ்சு நிமிர்ந்தது. அங்கேயே எழுதினான்: ‘உப்புக்கு அஞ்சாதது, சேற்றுக்குச் சோராதது. ஆபத்தில் ஓர் அழைப்பு. ஊரே திரண்டு வந்து உயிர் காத்தது!’ அனுப்பினான். மேனேஜரின் பதிலும் வந்தது: ‘சபாஷ்! வேலை நிரந்தரம். நூறு கடிகாரம் வரவழைத்துவிட்டேன்.’

வீட்டு வாசலில், அவனுடைய வீங்கிய காலுக்கு மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டிருந்த சுபஸ்ரீயிடம் பெருமை பொங்கக் கேட்டான்: “செய்தி வந்ததும் பதறிட்டியா புள்ளே?”

“இன்னா செய்தி? எம் ஃபோனுல நேத்துலேந்து சார்ஜே இல்ல. கெளுத்தி குத்துனதுக்கு நீ போட்ட கூச்சல்தான்யா கரை வரைக்கும் கேட்டுச்சு!”