பூட்டு சொன்ன தலைக்கணக்கு

அன்புத் தம்பிக்கு அண்ணன் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணியும் சுகம். கதவுக்குத்தான் சுகமில்லை.

இந்த மாதிரிக் கருவிகளுக்கு விதிமுறை வகுக்கும் தரநிலைக் குழுவில் உட்கார்ந்திருக்கும் நீ, "திறந்த தரநிலைன்னு போட்டிருந்தா கண்ணை மூடிக்கிட்டு வாங்குண்ணா, எந்தக் கம்பெனிப் பொருளோடவும் பேசும்" என்றாய். கண்ணை மூடிக்கொண்டே வாங்கினேன். நம்மைக் கண்டால் தானே திறக்கும், உள்ளே எத்தனை பேர் என்று கேட்டால் எண்ணிச் சொல்லும் பூட்டு. அதோடு சேர்க்க வேறு கம்பெனி விளக்கு ஒன்றை மாட்டினால், பூட்டு அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கம்பெனிக்குப் போன் போட்டேன். "விதிமுறையை யார் வேணும்னாலும் படிக்கலாம் சார். சேர்றதுக்கு மட்டும் எங்க அனுமதி வேணும்" என்றாள் ஒரு பெண். "கடையை வேடிக்கை பார்க்கலாம், உள்ள வரக் கூடாதாம்மா?" என்றேன். போனை வைத்துவிட்டாள். கொஞ்ச நாளில் கம்பெனியையே இழுத்து மூடிவிட்டார்கள்.

அதற்கப்புறம்தான் கூத்து. உன் அண்ணி அவள் தங்கை வீட்டுக்குப் போயிருந்த ஒரு மத்தியானம் நான் சவரம் செய்துகொண்டிருக்கிறேன், கதவு தானாகத் திறந்தது, ஒருவர் நுழையும் நேரம் நின்றது, மெதுவாக மூடிக்கொண்டது. எட்டிப் பார்த்தால் ஈ காக்கை இல்லை. சும்மா இருக்காமல் பூட்டிடம் கேட்டுத் தொலைத்தேன். "உள்ளே இருவர்" என்றது. பாதி முகத்தில் நுரையோடு கட்டிலுக்கு அடியில், அலமாரிக்குள், எல்லா இடமும் தேடியாச்சு, ஒருத்தரும் இல்லை. அண்ணி திரும்பி வந்ததும் "மூவர்" என்றது. அன்றிலிருந்து அவள் குளிக்கப் போனால் நான் குளியலறை வாசலில் காவல்.

பூட்டு மெக்கானிக் அம்மாவைக் கூப்பிட்டேன். "இதைச் சரிபண்ண எனக்கு வழியில்ல சார், அனுமதி கொடுக்கிறவங்களே போயிட்டாங்க. யாரையும் கேட்காம யாரும் செய்யலாம், செஞ்சவன் போனாலும் அடுத்தவன் தொடரலாம்னு இருந்தாத்தான் அது திறந்தது" என்றவள், அப்படிப்பட்ட வேறொன்றை மாட்ட நாளைக்கு வருகிறாள். கோளாறு பூட்டில்தான், வீட்டில் ஒன்றுமில்லை என்று அண்ணியிடம் சத்தியம் பண்ணியிருக்கிறேன். இதையெல்லாம் உன் குழுவில் எழுந்து நின்று சொல்லுடா.

நீயும் உன் வீட்டாரும் பயமில்லாமல் தூங்கி, சிரித்த முகத்தோடு எழுந்து, நீடூழி வாழ்க.

உன் அண்ணன்

பின்குறிப்பு: புதுப் பூட்டு மாட்டியாகிவிட்டது. வேறு கம்பெனி, வேறு ஆட்கள் செய்தது. விளக்கு உடனே சேர்ந்துகொண்டது. மெக்கானிக் அம்மா போன பிறகு தலைக்கணக்கைக் கேட்டேன். "மூவர்" என்றது. ஆகவே பழைய பூட்டை நான் திட்டியதையெல்லாம் அடித்துவிட்டுப் படி. அது சரியாகத்தான் எண்ணியிருக்கிறது. அண்ணி சாப்பிட மூன்று தட்டு எடுத்து வைத்தாள். என் பக்கம் திரும்பாமலே, மூன்றாவது தட்டுப் பக்கம் பார்த்து, "உட்காருங்க" என்றாள்.