மந்திரி பாராட்டிய திரைச்சீலை

இலங்கைப் பாராளுமன்றத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் என்று பார்த்தால் பெரிய பெரிய தலைவர்களின் பெயர்கள் வரும். அந்த வரிசையில் என் பெயரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒரு சின்ன வித்தியாசம்தான். அவர்களெல்லாம் பேசப் போனவர்கள். நான் வாயை மூடிக்கொண்டு பார்த்துவிட்டு வரப் போனவன்.

கூப்பன் அரிசிக் காலம் அது. அன்புவழிபுரத்தில் பிறந்து வளர்ந்த என்னை, குச்சவெளிக்கும் அப்பால் ஒரு கடற்கரை ஊருக்கு வாத்தியாராக மாற்றியிருந்தார்கள். (ஊரின் பெயரைச் சொல்லமாட்டேன். அங்கே எனக்கு இன்னும் சிநேகிதர்கள் இருக்கிறார்கள். நண்டு மலிந்த காலத்தில் போக வேண்டும்.) இளம் வயது, புதுக் கலியாணம், சட்டைப் பையில் பவுண்டன் பேனை. கிராம முன்னேற்றச் சங்கத்துக்குச் செயலாளர் வேறு. நாட்டை ஆள இதற்கு மேல் என்ன தகுதி வேண்டும் என்றுதான் அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஊரில் ஒரு பிள்ளைப்பேற்று நிலையம் இருந்தது. நிலையம் என்பது மரியாதைக்குச் சொல்வது. உலக யுத்தம் முடிந்து வெள்ளைக்காரப் படை போகும்போது விட்டுப்போன தகரக் கொட்டகை அது. கூரை முழுக்க ஓட்டை. மாரி தொடங்கினால் மருத்துவிச்சி கட்டில்களை இழுத்து இழுத்து நனையாத இடம் தேடுவார். (அவரை ஊரே 'மிஸ்ஸி' என்றுதான் கூப்பிடும்.) அரசாங்கக் கட்டடம் என்பதால் நாங்களாக ஒரு தகரத்தையும் மாற்ற ஏலாது. பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போகலாமே என்பீர்கள். மாரியில் கடலோரக் களப்பு பெருகினால் றோட்டே தண்ணீருக்குள் போய்விடும். பிறக்க வேண்டிய பிள்ளை தண்ணீர் வடியும்வரை பொறுத்திருக்காது.

அந்த வருடம் என் மனைவி ஸ்ரெல்லா முழுகாமல் இருந்தாள். தலைப்பிள்ளை. மிஸ்ஸி விரலை மடித்து எண்ணிப் பார்த்துவிட்டு, "மார்கழி" என்றார். நடு மாரி! எனக்கு நித்திரை போய்விட்டது.

பட்டணத்துக்குப் போய் எங்கள் எம்.பி.யைப் பார்த்தேன். சத்தம் போடாத மனிதர்.

"கடிதம் எழுதி எனக்குக் கை நோகுது தம்பி. சபையில கேள்வியாக் கேப்பம். கேள்வி எண்டால் மந்திரி எழும்பி மறுமொழி சொல்லித்தான் ஆகவேணும். நீரே எழுதித் தாரும்" என்றார்.

விடுவேனா? அங்கேயே கதிரையை இழுத்துப் போட்டு எழுதினேன். பாராளுமன்றக் கேள்வியை அ, ஆ, இ என்று பிரித்து எழுதுவதுதான் முறை. (அ) இன்ன ஊர்ப் பிள்ளைப்பேற்று நிலையத்தின் கூரை ஒழுகுவதைச் சுகாதார மந்திரி அறிவாரா? (ஆ) அறிவாராயின், மாரிக்கு முன் புதுக் கூரை போடுவாரா? (இ) இன்றேல், ஏன்? அந்த 'இன்றேல், ஏன்?' எனக்கு மிகவும் பிடித்துப்போனது. வீட்டில் கறிக்கு உப்புக் குறைந்தாலும் அப்படியே கேட்கத் தொடங்கினேன். ஸ்ரெல்லா ஒருநாள் கோடரியைக் கொண்டுவந்து முன்னால் வைத்து, "விறகு கொத்தினீங்களோ? இன்றேல், ஏன்?" என்று கேட்ட பிறகு விட்டுவிட்டேன்.

மந்திரிமார் நேரில் வந்து கூரையைப் பார்ப்பதில்லை. ஓர் அதிகாரியை அனுப்புவார்கள். அவர் பார்த்து எழுதிக் கொடுப்பதைச் சபையில் வாசிப்பார்கள். ஆவணி மாதம், அந்த அதிகாரி வருகிறார் என்று செய்தி வந்தது. ஊரே எழும்பி நின்றது.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஒரு வியாதி உண்டு. வீட்டுக்கு ஆள் வருகிறது என்றால் போதும், பித்துப் பிடித்துவிடும். சங்கத் தலைவர் காசிம் காக்கா தன் கடையைப் பூட்டிவிட்டு என்னிடம் ஓடிவந்தார்.

"மாஸ்டர், கொழும்பில இருந்து வார மனிசன். நம்மட ஊரைப் பத்தி என்ன நினைப்பார்? இந்தக் கோலத்திலயா காட்டுற?"

நியாயமாகத்தான் பட்டது. எல்லாருக்கும் நியாயமாகப் பட்டது! கொட்டகைக்கு வெள்ளை அடித்தோம். பள்ளிக்கூடத்துக் கதிரைகளைத் தூக்கிவந்து போட்டோம். ஓட்டைக்குள்ளால் வெயில் வந்து அதிகாரியின் முகத்தில் அடிக்கக் கூடாது என்று, மீன்பிடிக்கிற பெடியங்கள் கூரையில் ஏறி வள்ளத்துக்குப் பூசுகிற தாரை எடுத்து ஓட்டையெல்லாம் பூசி மூடினார்கள். கட்டிலுக்குச் சலவை விரிப்பு வந்தது. எங்கள் முன்னறையில் தொங்கிய, ஸ்ரெல்லா தன் கையால் தைத்த சிவப்புச் செவ்வரத்தம்பூத் திரைச்சீலையை நானே கழற்றிக் கொண்டுபோய் ஜன்னலுக்குப் போட்டேன்.

மிஸ்ஸி ஒருவர்தான் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"எல்லாத்தையும் மூடிப்போட்டு அந்த மனிசனுக்கு எதைக் காட்டப் போறீங்கள் மாஸ்டர்?"

"கண்ணால பாக்கிறது வடிவா இருக்கட்டும் மிஸ்ஸி. குறையை நாங்கள் வாயால சொல்லுவம்."

"ம்ம்... சொல்லுங்கோ, சொல்லுங்கோ" என்றார். (அவரும் பிறகு வீட்டுக்குப் போய்ப் பூச்சாடி ஒன்று கொண்டுவந்து மேசையில் வைத்தார். வியாதி அவரையும் விடவில்லை.)

அதிகாரி வந்தார். மெலிந்த, நல்ல மனிதர். தமிழ் தடங்கலில்லாமல் பேசினார். வந்தவுடன் குறை சொல்வது அழகில்லையே என்று இளநீர் கொடுத்தோம். பிறகு சாப்பாடு. நண்டுக் கறி, பொரித்த மீன், காசிம் காக்கா வீட்டு வட்டிலப்பம். சாப்பிடுகிற மனிதரிடம் கூரை, ஒழுக்கு என்று கதைக்கலாமா? கதைக்கவில்லை. சாப்பிட்ட களைப்பில் அவர் சற்றுச் சாய்ந்தார். எழுப்புவது பாவம் என்று விட்டோம். எழும்பியபோது ஜீப்காரன் அவசரப்படுத்தினான். கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். ஜீப் போன புழுதி அடங்கிய பிறகுதான் நானும் காசிம் காக்காவும் ஒருவரையொருவர் பார்த்தோம்.

"சொன்னீங்களா மாஸ்டர்?"

"நீங்கள் சொன்னனீங்கள் எண்டெல்லோ நான் இருந்தனான்!"

அப்போதும் நான் கலங்கவில்லை. படித்த மனிதர், எப்படியும் விளங்கியிருக்கும் என்று ஊருக்கு உறுதி சொன்னேன். கேள்வி சபைக்கு வருகிற நாளில், தலைமை வாத்தியாரிடம் இரவல் வாங்கிய கோட்டோடு கொழும்புக்கு ரயில் ஏறினேன். அந்தக் கோட்டுக்குள் என்னைப்போல இன்னொருவர் தாராளமாக இருக்கலாம். காலிமுகத்தில் கடலைப் பார்த்தபடி நின்ற பாராளுமன்றக் கட்டடத்தின் படிகளில் ஏறும்போது, கட்டடம் எழும்பி நின்று என்னை வரவேற்காததுதான் குறை.

மேலே, பார்வையாளர் கலரியில் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாதவரிடம், "அடுத்த கேள்வி என்ர" என்றேன். அவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

எங்கள் எம்.பி. எழுந்து கேள்வியைக் கேட்டார். மந்திரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுமொழியை வாசித்தார். (இங்கிலிஷில்தான் வாசித்தார். நான் தமிழில் தருகிறேன். எந்த மொழியிலும் இது நோகும்.) "(அ) இல்லை. (ஆ) இவ்வினா எழவில்லை. (இ) இவ்வினா எழவில்லை."

எனக்குக் காது அடைத்தது. என் அருமையான 'இன்றேல், ஏன்?' எழவே இல்லையாம்! மந்திரி அதோடு விடவில்லை. இன்னொரு தாளை எடுத்து வாசித்தார்: எனது அதிகாரி நேரில் சென்று பார்த்தார். கூரையில் ஓர் ஓட்டைகூட இல்லை. சுவர்கள் வெண்மையாக உள்ளன. மேசையில் பூச்சாடி உள்ளது. ஜன்னலில் செவ்வரத்தம்பூப் போட்ட அழகான திரைச்சீலை தொங்குகிறது. கௌரவ அங்கத்தவருடைய தொகுதியிலுள்ள இந்த நிலையத்தை ஏனைய தொகுதிகளும் பின்பற்ற வேண்டும். சபை மேசையைத் தட்டிச் சிரித்தது. எங்கள் எம்.பி. பாவம், குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

எனக்கு அந்த நேரம் சபையும் தெரியவில்லை, சபாநாயகரும் தெரியவில்லை. தார் உரிந்த கூரையும், கீழே கட்டிலில் ஸ்ரெல்லாவும்தான் தெரிந்தது. எழுந்து நின்றேன்.

"ஐயா! அந்தத் திரைச்சீலை எங்கட வீட்டுது! கூரையில இருக்கிறது வள்ளத்துத் தார்! மழை வந்தால் எல்லாம் ஒழுகும் ஐயா! என்ர மனிசிக்கு மார்கழியில பிள்ளை பிறக்கப் போகுது!"

சபை முழுவதும் அண்ணாந்து பார்த்தது. தமிழ் தெரியாதவர்கள் பக்கத்திலிருந்தவர்களிடம் என்னவென்று கேட்டார்கள். சபை உத்தியோகத்தர்கள் வந்து கோட்டைப் பிடித்தார்கள். (கோட்டைத்தான் பிடித்தார்கள், அதற்குள் என்னைத் தேடிக் கண்டுபிடிக்கச் சற்று நேரமெடுத்தது.) வெளியே கொண்டுபோய் ஒரு வாங்கில் இருத்தி, காவலுக்கு ஒருவரையும் நிறுத்தினார்கள். மறியல் கம்பிக்குள் போட்டுவிட்டால் வாத்தியார் வேலை போய்விடுமே, ஸ்ரெல்லாவுக்கு என்ன சொல்வது என்று யோசித்தபடி இருந்தேன்.

கனநேரம் கழித்து எம்.பி. வந்தார். எழுந்து அழாக்குறையாக நின்றேன்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ ஐயா. உங்கட மானத்தை வாங்கிப்போட்டன்."

"இரும் தம்பி, இரும். நான் இந்தச் சபையில கனகாலமாக் கத்துறன். ஒரு குருவியும் நிமிர்ந்து பாக்கிறேல்ல. நீர் ஒருக்காக் கத்தினீர். முழுச் சபையும் நித்திரை முழிச்சிட்டுது." அவர் சிரித்த முகத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். "நான் உடன எழும்பித் துணைக்கேள்வி கேட்டனான். அதிகாரியை மழைக்குள்ள, ஒருத்தருக்கும் சொல்லாமல் இன்னொருக்கா அனுப்புவாரோ எண்டு. மந்திரியும் நல்ல மனிசன். திரைச்சீலைக்காரர் கேக்கிறபடியால் அனுப்புறன் எண்டு சொல்லிப்போட்டார். நீர் ஊருக்குப் போம். போய், தயவுசெய்து ஒண்டையும் வடிவாக்காதேயும்."

வீட்டுக்கு வந்து, நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். ஸ்ரெல்லா வயிற்றைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். கடைசியில், "நானே தைச்சதெண்டும் சொன்னனீங்களோ?" என்றாள்.

சங்கம் கூடியது. அடுத்தமுறை யார் வந்தாலும் கதிரை இல்லை, சாப்பாடு இல்லை, சிரிப்புக்கூட இல்லை என்று தீர்மானம் கொண்டுவந்தேன்.

"தேத்தண்ணியும் இல்லையா மாஸ்டர்?" காசிம் காக்காவின் குரல் தழுதழுத்தது.

"பச்சைத் தண்ணியும் இல்லை."

"யா அல்லாஹ்" என்று கையை உயர்த்தினார். தீர்மானம் நிறைவேறியது. இழவு வீட்டிலிருந்து போகிறவர்கள் மாதிரிக் கலைந்து போனார்கள்.

மார்கழி வந்தது. மழையும் வந்தது. தாரெல்லாம் உரிந்து எங்கோ போய்விட்டது. களப்பு பெருகி றோட்டை மூடிய அன்றே ஸ்ரெல்லாவுக்குப் பிள்ளைக் குத்து எழும்பியது. கொட்டகைக்குள் எங்கே கட்டிலை இழுத்தாலும் தண்ணீர். மிஸ்ஸி வெளியே வந்து என் கையில் ஒரு குடையைத் திணித்தார்.

"ஆம்பிளையள் உள்ளுக்கு வரக்கூடாது. ஆனால் எனக்கு இருக்கிறது ரெண்டு கைதான். வாங்கோ. சுவரைப் பாத்துக்கொண்டு குடையைப் பிடியுங்கோ. திரும்பினால் தெரியும்!"

சுவரைப் பார்த்துக்கொண்டு பிடித்தேன். நான் அடித்த வெள்ளை, கண்ணெதிரே கரைந்து வடிந்தது. ஸ்ரெல்லாவின் ஒவ்வொரு அலறலுக்கும் குடை ஆடியது. இவளுக்கு ஒன்றும் ஆகக் கூடாது கடவுளே, கூரையும் வேண்டாம் மந்திரியும் வேண்டாம் என்று வாய்விட்டே அழுதேன். விடியும்போது பெண்பிள்ளை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். நான்தான் மயங்கி விழப் பார்த்தேன்.

அன்று காலையே அதிகாரி வந்து சேர்ந்தார். மழைக்குள் அனுப்புவேன் என்று மந்திரி சபையில் சொல்லிவிட்டபடியால், பாவம், மழை விடுவதற்கு முன்னமே துரத்திவிட்டிருக்கிறார்கள். றோட்டு இல்லாததால் யாரோ வள்ளத்தில் ஏற்றி வந்து இறக்கியிருந்தார்கள். நனைந்து, குளிரில் பல் அடிக்க உள்ளே வந்தார். ஊர் வாசலில் கூடி நின்றது. தீர்மானத்தின்படி ஒருவரும் அசையவில்லை. காசிம் காக்கா பார்க்கமாட்டாமல் முகத்தை வேலிப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

என் நேரம் வந்துவிட்டது! கட்டிலுக்கு மேலே பிடித்த குடையோடு தொண்டையைச் செருமினேன்.

"பாருங்கோ ஐயா! ஓர் ஓட்டைகூட இல்லையெண்டு எழுதின கூரை! இதுக்குக் கீழதான் ஒரு தாய்..." என்று தொடங்கி, சுதந்திரம், வரிப்பணம், மக்கள் ஆட்சி என்று ஒன்றையும் விடாமல் பேசினேன். பாராளுமன்றத்தில் பேச விடாததையெல்லாம் அங்கே பேசினேன். கையை வீசிப் பேசினேன். வீசிய கை குடை பிடித்த கை என்பது எனக்கு நினைவில்லை. கூரையிலிருந்து கொட்டிய தண்ணீர் நேரே பிள்ளையின் முகத்தில் விழுந்தது. அது வீரிட்டது. அதிகாரி பாய்ந்து வந்து என் கையிலிருந்து குடையைப் பறித்துப் பிள்ளைக்கு மேலே பிடித்தார். அப்படியே அண்ணாந்து கூரையைப் பார்த்தார். அவர் முகத்திலும் தண்ணீர் கொட்டியது. நான் சொன்ன ஒரு வார்த்தையும் அவர் காதில் ஏறியதாகத் தெரியவில்லை.

கட்டிலிலிருந்து ஸ்ரெல்லாதான் மெல்லக் கேட்டாள். "நல்லா நனைஞ்சு போனீங்கள் ஐயா. தேத்தண்ணி குடிச்சீங்களோ?"

"இல்லையம்மா. இந்தமுறை ஒருத்தரும் தரேல்ல" என்றார் அவர், குறைப்பட்டுக்கொள்ளாமல்.

அவ்வளவுதான். சங்கம் உடைந்தது. காசிம் காக்கா சாரத்து மடிப்புக்குள் ஒளித்து வைத்திருந்த போத்தல் தேத்தண்ணியோடு ஓடிவந்தார். (தீர்மானம் நிறைவேறிய நாளிலிருந்தே அவருக்கு என்மேல் நம்பிக்கையில்லை.) அதிகாரி ஒரு கையில் குடை, மறு கையில் தேத்தண்ணியாக, மிஸ்ஸி துணி மாற்றி முடியும்வரை அசையாமல் நின்றார்.

அடுத்த அமர்வில் மந்திரியின் மறுமொழி மாறியது. "(அ) ஆம். (ஆ) ஆம்." அடுத்த மாரிக்கு முன் ஓட்டுக் கூரை போட்டார்கள். அதற்குக் கீழே எங்கள் மற்றப் பிள்ளைகளும் நனையாமல் பிறந்தார்கள்.

கூரை வந்தது நான் கலரியில் கத்தியதால் என்பது என் கட்சி. இன்றுவரை வீட்டில் அந்தக் கட்சியில் நான் ஒருவன்தான். "பாராளுமன்றத்தில கத்தினவர். பெத்த பிள்ளைக்கு ஒரு குடை பிடிக்கத் தெரியேல்ல" என்று ஸ்ரெல்லா வருகிறவர்களுக்கெல்லாம் கதை சொல்லி முடித்துவிடுவாள். அன்று பிறந்த மகளுக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. நாங்கள் இருவரும் எங்காவது போகும்போது மழை பிடித்தால், நான் எவ்வளவு சொன்னாலும் கேட்கமாட்டாள். என் கையிலிருந்து குடையை வாங்கிவிடுவாள்.

"தாங்கோ அப்பா, நான் பிடிக்கிறன். நீங்கள் கதையுங்கோ."